படைவீரர் உவமையும் இம்யூனோகுளோபுலினும்

எதிர்ப்பொருள்கள் உடலின் படைவீரர்கள், கிருமிகள் பகைவர்கள், காய்ச்சல் ஒரு போர். இந்த உவமையைத் தொடாமல் நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் மிகச் சிலரே. பாடநூலிலும் வார இதழிலும் வானொலிப் பேச்சிலும் அதே கோட்டை, அதே காவல், அதே வாள்வீச்சு. பத்தாம் வகுப்பு மாணவனுக்குக் கண்ணால் காண முடியாத ஒரு பொருளைப் புரியவைக்க ஏதேனும் ஒரு படம் வேண்டும் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள நான் மறுக்க மாட்டேன். மின்னோட்டத்தை நடத்தும்போது நானும் தண்ணீர்க் குழாயைத்தான் துணைக்கு அழைக்கிறேன். ஆனால் குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டுவதுபோலக் கம்பியை வெட்டினால் மின்சாரம் தரையில் கொட்டாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுகிறேன். உவமை எதுவரை செல்லும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று சொல்லாமல் விட்டால், மாணவன் உவமையையே பொருளாகப் பிடித்துக்கொள்வான்.

படைவீரர் உவமையின் எல்லையைக் காட்டும் மருந்து ஒன்று உண்டு. பல்லாயிரம் பேரின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்துச் சேர்த்து, நோயாளியின் சிரைக்குள் சொட்டுச்சொட்டாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருத்துவமே அது. எதிர்ப்பாற்றல் இல்லாதவருக்கும் இதையே தருகிறார்கள். எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குவதால் துன்பப்படுபவருக்கும் இதையே தருகிறார்கள். படையில்லாத நாட்டுக்கு வீரர்களை அனுப்புவது சரி. உள்நாட்டுக் கலகத்தில் தவிக்கும் நாட்டுக்கு இன்னும் சில இலட்சம் வீரர்களை அனுப்பினால் கலகம் அடங்குமா? இந்தக் கேள்விக்கு நம் கட்டுரைகள் விடை சொல்வதில்லை. பெரும்பாலும் கேள்வியையே எழுப்புவதில்லை.

முதலில் அந்தப் புட்டியில் இருப்பது என்ன என்று பார்ப்போம். இரத்தத்தின் அணுக்களை நீக்கினால் எஞ்சும் மஞ்சள் நிற நீர்மம் பிளாஸ்மா. அதிலுள்ள புரதங்களை மின்புலத்தில் நகரவிட்டு வகைப்படுத்தும் முறையைச் செம்மைப்படுத்தியவர் சுவீடன் நாட்டின் ஆர்னே டிசேலியஸ். இப்பணிக்காக 1948இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மின்புலத்தில் குளோபுலின் புரதங்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தன. அவற்றுக்கு ஆல்பா, பீட்டா, காமா என்று பெயரிட்டார்கள். எதிர்ப்பொருள்கள் காமாக் கூட்டத்தில் இருப்பதை 1939இல் டிசேலியசும் அமெரிக்கரான எல்வின் காபட்டும் காட்டினர். (காமா குளோபுலினுக்கும் காமாக் கதிருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆண்டுதோறும் ஒரு மாணவராவது இதைக் கேட்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.)

இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வின் கோன் குளிர்ந்த ஆல்கஹாலைக் கொண்டு பிளாஸ்மாவைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறையை வகுத்தார். காயம்பட்டோருக்கு ஏற்ற வேண்டிய ஆல்புமின்தான் அவர் தேடிய பொருள்; காமா குளோபுலின் உடன் கிடைத்தது. 1952இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், மீண்டும் மீண்டும் கடும் தொற்றுக்கு ஆளான 8 வயதுச் சிறுவன் ஒருவனின் இரத்தத்தை மின்புலத்தில் ஆய்ந்தார். காமா இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வெளியிலிருந்து காமா குளோபுலினை மாதந்தோறும் செலுத்தத் தொற்றுகள் விலகின. படைவீரர் உவமை பழுதின்றிப் பொருந்தும் இடம் இது. இல்லாத ஒன்றைக் கொடுத்தார்கள்; குறை நீங்கியது. உவமையின் மேல் எனக்குப் பகையில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்நாளில் இம்மருந்தைத் தோலின் கீழோ தசையிலோதான் போட முடிந்தது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி இருந்ததால், சிரைவழி செலுத்தியபோது ஆபத்தான எதிர்விளைவுகள் தோன்றின. அத்திரள்களைத் தவிர்த்த மருந்து வந்தபிறகே புட்டி புட்டியாக ஏற்ற வழி பிறந்தது. அதற்குப் பின் நடந்ததுதான் உவமையைக் கவிழ்த்தது.

1981இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த பால் இம்பாக்கும் உடன் பணியாற்றியோரும் 'லான்செட்' இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டனர். 13 குழந்தைகள். அவர்களின் உடலில் தோன்றிய எதிர்ப்பொருள்கள் அவர்களின் இரத்தத் தட்டணுக்களிலேயே ஒட்டிக்கொண்டு அவற்றை அழிவுக்கு இட்டுச் சென்றன. எதிர்ப்பொருள் குறைந்த வேறு சில குழந்தைகளுக்குக் காமா குளோபுலின் ஏற்றியபோது தட்டணு எண்ணிக்கையும் உயர்ந்ததைக் கவனித்திருந்த அம்மருத்துவர்கள், இக்குழந்தைகளுக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள் ஏற்றினர். தட்டணுக்கள் விரைந்து உயர்ந்தன. எதிர்ப்பொருளால் வந்த நோய் எதிர்ப்பொருளாலேயே தணிந்தது!

இவ்விடத்தில் நம் எழுத்தாளர்கள் உவமையைக் கைவிடாமல் அதற்கு ஒட்டுப்போடத் தொடங்குகிறார்கள். 'நல்ல வீரர்கள் வந்து கெட்ட வீரர்களை அடக்குகிறார்கள்' என்பது ஓர் ஒட்டு. கொடையாளிகளின் எதிர்ப்பொருள்களுள் சில, நோயாளியின் தீய எதிர்ப்பொருள்களைப் பற்றிச் செயலிழக்கச் செய்யலாம் என்பது ஆய்வாளர்களும் கருதும் வழிகளில் ஒன்றுதான். ஆனால் அதையே முழு விளக்கமாக்கினால் ஓர் எளிய ஆய்வு அதற்கு எதிராக நிற்கிறது. எதிர்ப்பொருள் மூலக்கூறு ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவம் உடையது. மேலே உள்ள இரு கைகளே எதிரியை இனங்கண்டு பற்றுபவை. 1993இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இக்கைகளை நீக்கிவிட்டு, கீழே உள்ள தண்டை மட்டும் அதே நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினர். தட்டணுக்கள் உயர்ந்தன. ஆயுதம் ஏந்தும் கையே இல்லாத வீரன் எந்தப் போரைச் செய்தான்?

விடையைப் போர்க்களத்தில் அல்ல, கணக்கில் தேட வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கொள்வோம். அவருடைய பிளாஸ்மா ஏறத்தாழ இரண்டரை லிட்டர். அதில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள். ஆக இரத்தக் குழாய்களுக்குள் 25 கிராம். திசுக்களில் ஏறத்தாழ அதே அளவு. நரம்பு நோய்க்கும் தன்னெதிர்ப்பு நோய்க்கும் தரும் முழு அளவு கிலோவுக்கு 2 கிராம், அதாவது 120 கிராம். உடலின் மொத்த இருப்பைப் போல இருமடங்குக்கும் மேலான பொருள் சில நாள்களில் உள்ளே கொட்டப்படுகிறது. இது படையனுப்பும் செயலைக் காட்டிலும் வெள்ளத்தைத் திறந்துவிடும் செயலையே ஒத்தது.

வெள்ளம் என்ன செய்யும்? எதிர்ப்பொருள் இரத்தத்தில் ஏறத்தாழ 3 வாரம் என்ற அரை ஆயுளுடன் நீடிக்கிறது. மற்றப் பிளாஸ்மாப் புரதங்கள் பலவும் சில நாள்களில் சிதைந்துபோக, இதற்கு மட்டும் இந்த நீண்ட வாழ்வு ஏன்? 1960களில் வேல்ஸில் பிராம்பெல் என்ற விலங்கியலறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார்: உயிரணுக்களுக்குள் எதிர்ப்பொருளைச் சிதைவிலிருந்து மீட்கும் ஏற்பிகள் உண்டு, அவற்றின் எண்ணிக்கை ஒரு வரம்புக்கு உட்பட்டது என்றார். அது மெய்யாயிற்று. இரத்தக் குழாயின் உட்சுவர் அணுக்கள் பிளாஸ்மாவைச் சிறு பைகளில் உறிஞ்சுகின்றன. பையினுள் அமிலத்தன்மை ஏறும்போது எதிர்ப்பொருளின் தண்டு அந்த ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. ஏற்பி அதை மீண்டும் இரத்தத்தில் கொண்டுவந்து விடுகிறது. ஏற்பி கிடைக்காதவை சிதைக்கப்படுகின்றன.

உவமை வேண்டுமென்றால் ஆற்றைக் கடக்கும் பரிசலைச் சொல்லலாம். பரிசல்கள் சில, ஆள்கள் அளவாக இருக்கும்வரை எல்லாரும் அக்கரை சேர்கிறார்கள். திடீரென்று பெருங்கூட்டம் துறையில் இறங்கினால், வந்தவர்களுக்கும் முன்பிருந்தவர்களுக்கும் இடம் அரிதாகிறது. முன்பிருந்தவர்களுள் நோயை உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் அடங்கும். அவற்றை யாரும் தேடிப்பிடித்து வெட்டவில்லை. பரிசலில் இடமின்றி அவை குறைந்தன. இந்தப் படத்துக்கும் எல்லை உண்டு. தட்டணுக்கள் ஓரிரு நாளிலேயே உயர்வதை இது விளக்காது. அங்கே மண்ணீரலின் விழுங்கணுக்களில் உள்ள பற்றிடங்களை வந்த எதிர்ப்பொருள்களின் தண்டுகள் அடைத்துக்கொள்வது முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது. காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொடரைத் தடுப்பது, அழற்சியைத் தணிக்கும் ஏற்பிகளைத் தூண்டுவது என வேறு வழிகளும் பேசப்படுகின்றன. சில இன்னும் வழக்கில் உள்ளவை.

இயற்பியலில் பல காரணங்கள் கலந்து நிற்கும்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். இங்கும் அது நடந்திருக்கிறது. எஃப்கார்டிஜிமோட் என்ற மருந்து எதிர்ப்பொருளின் தண்டு மட்டுமே. பரிசல் ஏற்பியை இறுகப் பற்றி அடைப்பது ஒன்றே அதன் வேலை. தசைகள் தளரும் மயஸ்தீனியா கிரேவிஸ் நோய்க்கு 2021இலும், நாட்பட்ட நரம்புறை அழற்சி நோய் ஒன்றுக்கு 2024இலும் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. படைவீரர் கதையைக் கேட்ட எவருக்கும் இப்படியொரு மருந்தைச் செய்யும் எண்ணம் தோன்றியிருக்காது. நல்ல உவமை புதிய கேள்வியைப் பிறப்பிக்க வேண்டும். இந்த அளவுகோலில்தான் நான் படைவீரரைக் குறை சொல்கிறேன்.

இனி நரம்புகள். 1916இல் பிரெஞ்சு மருத்துவர்களான கியான், பாரே, ஸ்டிரோல் மூவரும் கைகால் செயலிழந்து பின் தேறிய இரண்டு பேரைப் பற்றி எழுதினர். அவ்விருவரும் மெய்யான படைவீரர்கள். கியான்-பாரே நோய் என்று இன்று நாம் அழைப்பது இதுவே. பெரும்பாலும் ஒரு வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து சில நாள் அல்லது சில வாரம் கழித்துத் தொடங்கும். கேம்பைலோபாக்டர் என்ற குடற்கிருமியின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை அமைப்பு நம் நரம்புச் சவ்வில் உள்ளதை ஒத்திருப்பதால், கிருமிக்கு எதிராக எழுந்த எதிர்ப்பொருள் நரம்பையும் பற்றுகிறது. வினாடிக்கு 50 மீட்டர் அளவில் ஓட வேண்டிய நரம்புத் துடிப்பு தளர்கிறது, அல்லது நின்றே போகிறது. காலில் தொடங்கி மேலேறும் தளர்ச்சி மூச்சுத்தசைகளை எட்டினால் செயற்கைச் சுவாசம் தேவை. நோயாளிகளில் நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்கு அந்நிலை வருகிறது.

இந்நோயில் இம்யூனோகுளோபுலினின் இடத்தை நிலைநாட்டியதாகச் சொல்லப்படுவது 1992இல் வெளியான டச்சு ஆய்வு. 150 நோயாளிகள், ஒரு பிரிவுக்கு இம்மருந்து, மற்றப் பிரிவுக்கு அதுவரை வழக்கிலிருந்த பிளாஸ்மா மாற்று முறை. நான்கு வாரத்தில் நிலை ஒரு படியேனும் உயர்ந்தவர்கள் முறையே 53 விழுக்காடும் 34 விழுக்காடும். இந்த எண்களைக் கண்டதும் 'புதிய மருந்து வென்றது' என்று தலைப்பிடுவது எளிது. ஆனால் 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வை அருகில் வைத்துப் பாருங்கள். 245 நோயாளிகளைக் கொண்ட அதில் பிளாஸ்மா மாற்றுப் பெற்றோரில் 59 விழுக்காட்டினரும், அதைப் பெறாதவரில் 39 விழுக்காட்டினரும் அதே காலத்தில் அதே அளவு தேறினர். அதாவது டச்சு ஆய்வில் மருத்துவம் பெற்ற ஒரு பிரிவு, அமெரிக்க ஆய்வில் மருத்துவம் பெறாத பிரிவைவிடப் பின்தங்கியிருந்தது! இரு வேறு கருவிகளில் எடுத்த அளவீடுகளை ஒரே வரைபடத்தில் குறிக்காதே என்று ஆய்வகத்தில் சொல்கிறோமே, அந்த எச்சரிக்கை இங்கே தேவைப்படுகிறது. 1997இல் 383 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு வந்தபின் ஐயம் தெளிந்தது: இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தருகின்றன, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் கொடுத்தாலும் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் இல்லை. இம்யூனோகுளோபுலின் பரவலாக ஏற்கப்பட்டதற்கு, பெரிய எந்திரமின்றி ஒரு சாதாரண சொட்டு ஊசியால் கொடுக்க முடிகிறது என்பதே பெருங்காரணம். இதைச் சொல்வதால் மருந்தின் மதிப்பு குறையவில்லை. நடக்க முடியாத நிலையில் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் தேறுதல் விரைவுபடுகிறது. அறுந்துபோன நரம்பிழையை அது வளர்ப்பதில்லை. நரம்பிழை நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற தன் வேகத்திலேயே வளரும். 'ஊசி போட்டும் கால் வரவில்லையே' என்று மூன்றாம் வாரத்தில் கலங்கும் குடும்பத்தாரிடம் யாரேனும் இந்த ஒரு எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர்கள் அடுத்துக் கேட்பது 'இன்னொரு முறை போட்டால் என்ன?' என்பதுதான். படைவீரர் உவமைக்கு இதில் தயக்கமே இல்லை: போதவில்லையென்றால் இன்னும் அனுப்பு. மருத்துவர்களுக்கும் இதற்கு ஒரு சான்று இருந்தது. 2009இல் 174 நோயாளிகளை ஆய்ந்தபோது, மருந்தேற்றிய இரண்டு வாரத்தில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு சிறிதே உயர்ந்தவர்கள் மெதுவாகத் தேறினார்கள் என்று தெரிந்தது. அளவு குறைவு, பலனும் குறைவு. ஆகவே அளவைக் கூட்டு. கேட்பதற்கு நேர்மையான வாதம். உலகின் பல மருத்துவமனைகளில் இரண்டாம் முறை ஏற்றவும் செய்தார்கள். பின்னர், தேறும் வாய்ப்புக் குறைந்தவர்கள் என்று கணிக்கப்பட்ட 93 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு இரண்டாம் முறை மருந்தும் மற்றப் பிரிவுக்கு மருந்தில்லாப் போலி நீர்மமும் தந்து பார்த்தனர். 2021இல் முடிவு வெளியாயிற்று. கூடுதல் பயன் எதுவும் இல்லை. கடுமையான பாதிப்புகள், இரத்தக்கட்டு உட்பட, முதல் 30 நாளில் 35 விழுக்காட்டினருக்கு. போலி நீர்மம் பெற்றவரில் 16 விழுக்காட்டினருக்கு. அளவு சிறிதே உயர்ந்தது மோசமான நோயின் அடையாளமாக இருந்திருக்கலாம். காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

இரத்தக்கட்டு ஏன் வருகிறது என்பதில் இயற்பியல் மாணவருக்குச் சிறு வேலை உண்டு. பிளாஸ்மாவில் புரதத்தைக் கூட்டினால் பாகுநிலை கூடும். குழாயில் பாயும் வேகம் பாகுநிலைக்கு எதிர்விகிதத்தில் உள்ளது என்ற பாய்சூலி விதியை நாம் கற்றது தேர்வுக்காக மட்டும் அன்று. இது ஒன்றே காரணம் அல்ல. உறைதலைத் தூண்டும் காரணிகள் மருந்தோடு சிறிதளவு கலந்துவிடுவதும் உண்டு. 2013 முதல் அமெரிக்காவில் இம்மருந்துகளின் உறையில் இரத்தக்கட்டைப் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை கட்டாயம். 'நம் உடலில் இயற்கையாக உள்ள பொருள்தானே, தீங்கில்லை' என்று எழுதுவோர் அந்தக் கட்டத்தை ஒருமுறை படிக்கலாம்.

எல்லை தாண்டிய நம்பிக்கைக்கு இன்னொரு சான்று அல்சைமர் மறதி நோய். 2012இல் ஒரு மருத்துவ மாநாட்டில், தொடர்ந்து இம்யூனோகுளோபுலின் பெற்ற 4 நோயாளிகளின் நிலை 3 ஆண்டுகள் தாழாமல் நின்றது என்று அறிவிக்கப்பட்டது. நான்கே நான்கு பேர். ஆனால் செய்தி உலகைச் சுற்றியது. 390 பேரைக் கொண்ட 18 மாத ஆய்வின் முடிவு மறு ஆண்டே வந்தது: போலி நீர்மத்துக்கும் மருந்துக்கும் வேறுபாடு இல்லை. அந்தச் செய்தி அவ்வளவு தூரம் சுற்றவில்லை. மறுபுறம், நாட்பட்ட நரம்புறை அழற்சி நோயில் 117 பேரைக் கொண்டு செய்து 2008இல் வெளியான ஆய்வில் 54 விழுக்காட்டினர் தேறினர். போலி நீர்மம் பெற்றவரில் 21 விழுக்காட்டினரே. ஒரே புட்டிதான், நோய்தோறும் விடை வேறு. இதைச் சொல்லாமல் 'நரம்பு நோய்களுக்கு அரிய மருந்து' என்று பொதுவாக எழுதுவது யாருக்கும் உதவாது.

2025 ஜனவரியில் புனே நகரில் கியான்-பாரே நோய் பரவி, 200க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக ஐயுறப்பட்ட நாள்களில், இம்மருந்தின் பெயர் எல்லார் வாயிலும் அடிபட்டது. என் மாணவர்கள் சிலர் அதை 'எதிர்ப்பாற்றலைக் கூட்டும் ஊசி' என்றே புரிந்துகொண்டிருந்தனர். சளி பிடிக்காமலிருக்க அதை நாமும் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். எங்கிருந்து வந்தது இந்த எண்ணம்? நாம் எழுதிய கோட்டையும் கொத்தளமும்தான் அவர் மனத்தில் இருந்தன. 120 கிராம் மருந்து எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அங்கே இல்லை. ஒரு லிட்டர் பிளாஸ்மாவிலிருந்து தொழிற்சாலையில் கிடைப்பது 4 அல்லது 5 கிராம். ஒரு நோயாளிக்கு 24 முதல் 30 லிட்டர் பிளாஸ்மா வேண்டும். ஒருமுறை தரும் இரத்தத்திலிருந்து கால் லிட்டர் பிளாஸ்மா கிடைக்கும் என்று கொண்டால், அது 100 முதல் 120 இரத்தக் கொடைகளுக்குச் சமம். இதை எந்த வேதித் தொழிற்சாலையும் வெறும் மூலப்பொருளிலிருந்து ஆக்கித் தராது. மனிதக் கையிலிருந்துதான் வர வேண்டும். பிறவியிலேயே எதிர்ப்பொருள் இல்லாத குழந்தைக்கு மாதந்தோறும் வேண்டிய மருந்தும் அதே தொட்டியிலிருந்து வருவதே. பயனற்ற இரண்டாம் முறைக்குச் செலவான ஒவ்வொரு புட்டியையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலையும் அதனால்தான் பெரிது. வங்கதேசத்தில் இந்நோயாளிகளில் பெரும்பாலோர் இம்மருந்தை வாங்க இயலாதவர்கள். அங்கே தாக்காவில், எந்திரம் இல்லாமல், படுக்கையருகே தொங்கும் பையில் நோயாளியின் இரத்தத்தைச் சிறிதளவு எடுத்து, அணுக்கள் அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே நிற்கும் பிளாஸ்மாவை அகற்றிவிட்டு, அணுக்களை மீண்டும் உடலில் ஏற்றும் முறையை 20 பேரிடம் செய்து பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். புவியீர்ப்பு விசையே அங்கே எந்திரம். பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது என்பதை அந்த ஆய்வு காட்டிற்று. பயனை அளக்க 20 பேர் போதாது என்பதையும், பெரிய ஆய்வு தேவை என்பதையும் அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.